சாம்பிளுக்கு ஒரு முகம்

உக்காரு தாயி. அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். இந்தச் சேர்ல உக்காரு. படம் ரெடியாத்தான் இருக்கு. அந்தா, பேப்பர் சுத்திச் சுவத்துல சாத்தி வச்சிருக்கேன் பாரு, அதுதான். கண்ணாடி தொடச்சு, பின்னாடி கொக்கி அடிச்சு, நேத்தே முடிஞ்சுபோச்சு. வேலை சுத்தமா இருக்கும். அதுல ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனா அதை உன் கையில குடுக்க முடியாது.

ஏன்னு கேக்காத. இல்ல, கேளு. கேட்டாத்தான் சொல்லுவேன். இல்லன்னா இன்னைக்கும் முழுங்கிருவேன்.

நீ உள்ள வந்ததும் என்ன சொன்ன? சீனியம்மா மக நாகஜோதின்னு சொன்ன. நாளைக்கு ஆடி அமாவாசை, மாமா படத்தை வச்சுப் படைக்கணும், புது வேட்டி துண்டுகூட எடுத்தாச்சுன்னு பையைக் காட்டுன. அதுவரைக்கும் நான் கல்லு மாதிரித்தான் நின்னேன். எடுத்துக் குடுத்துத் தொலைச்சிருவோம்னு குனியக்கூடச் செஞ்சேன். அப்ப ஒண்ணு சொன்ன பாரு, 'அம்மா பங்குனியில இருந்து யார்கூடயும் பேசறதே இல்லக்கா, அவங்க நாக்குதான் மாமாவைக் கொன்னுருச்சாம்'னு. நீ சாதாரணமாத்தான் சொன்ன. குனிஞ்சவ அப்படியே நிமிந்துட்டேன்.

பேசறதே இல்லையா? பேரன் பேத்திகிட்டகூடவா? தலையை மட்டும் ஆட்டுறாங்களா. ஐயோ கடவுளே.

சரி. சொல்லிர்றேன். நடுவுல எந்திரிச்சுப் போயிராத. திட்டணும்னா கடைசியில மொத்தமாத் திட்டு.

முதல்ல இந்தக் கடையைப் பத்திச் சொல்லணும். அதைச் சொல்லாம இதைச் சொன்னா நான் ஏதோ ராட்சசி மாதிரித் தெரியும். நான் அப்படிப்பட்டவ இல்ல. என் வீட்டுக்காரருக்கு மில்லுல ஷிப்ட்டு வேலை. ஒரு சம்பளத்துல இழுத்துப் பிடிக்க முடியல. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஸ்டூடியோவுல ஆல்பம் ஒட்டிக்கிட்டிருந்தவ நான், நமக்குத் தெரிஞ்சது இதுதானேன்னு ஆரம்பிச்சேன். கல்யாண வீடியோக்காரர் ஒருத்தர் புதுக் கேமரா வாங்குனப்ப பழசை என் தலையில கட்டிட்டாரு. வீட்டோட முன்ரூமுதான் ஸ்டூடியோ. பவளம் ஸ்டூடியோ. என் பேரு பவளக்கொடி. போர்டு எழுதுனவன் எழுத்துக்கு இவ்வளவுன்னான், அதனால கொடியை விட்டாச்சு.

லைட்டு வாங்க வக்கில்ல. அந்த ஜன்னல்தான் லைட்டு. வெயில் முகத்துல சுள்ளுன்னு விழுகும்னு என் வீட்டுக்காரரோட கல்யாண வேட்டியைக் கிழிச்சு ஜன்னல்ல கட்டுனேன். அவரு இன்னும் அது பீரோவுல இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. ஒரு பக்கம் நிழல் அடிக்கும்னு, பக்கத்து வீட்டு டிவி வந்த பெட்டியில கெடந்த தெர்மாக்கோலை வாங்கியாந்து நிறுத்துனேன். பின்னாடி தொங்குதே மெரூன் துணி, அது பெட்ஷீட்டு. ஆம்பளைகளுக்குன்னு ஒரே ஒரு வெள்ளச் சட்டை, முதுகுப் பக்கம் கத்தரிச்சு விட்டிருக்கேன். ஒல்லியானவன் போட்டா பின்னாடி கிளிப்பு, குண்டன் போட்டா பப்பரப்பேன்னு தொறந்து கெடக்கும். முன்பக்கம்தானே படத்துல தெரியப்போகுது.

வெக்கமாத்தான் இருக்கும். வர்றவங்க சுத்திமுத்திப் பாத்துட்டு, 'ஸ்டூடியோ எங்கம்மா இருக்கு'ன்னு என்கிட்டயே கேப்பாங்க. இதுதான்னு சொல்றதுக்குள்ள எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும்.

ஆனா முகம் எடுக்கிறதுல என்னை அடிச்சுக்க ஆள் கெடையாது, இதை நான் பெருமைக்குச் சொல்லல. செலவில்லாத வித்தை ஒண்ணு வச்சிருக்கேன். கண்ணை மூடச் சொல்லுவேன். மனசுக்குப் பிடிச்ச ஆள் எதுத்தாப்ல வந்து நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கங்க, நான் சொல்றப்ப திறங்கம்பேன். திறக்குற அந்த நிமிஷம் அமுக்கிரணும். அதுல வர்ற முகம் போன்ல எடுத்தா வராது. நீ வேணா ஒருநாள் உக்காந்து பாரு. உனக்கு நல்ல முகவெட்டு, ஜன்னலைப் பாத்து லேசாத் திரும்புனா போதும்.

சரி சரி. விஷயத்துக்கு வர்றேன்.

வித்தை இருந்து என்ன, ஆளு வரணுமே? போன் வச்சிருக்கவன் பூராம் போட்டோகிராபர். கடையைத் தொறந்து வச்சுக்கிட்டு ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன். எதுத்தாப்ல வளையல்கடை ராசம்மாதான் சொன்னா, 'சும்மா போர்டை மாட்டுனா எவ வருவா? நாலு சாம்பிளைத் தொங்கவிடுடி'ன்னு. யாரைத் தொங்கவிட? அப்பத்தான் உன் மாமா நினைப்பு வந்துச்சு.

உன் மாமா இந்தத் தெருவுல பருத்திப்பால் வண்டி தள்ளிக்கிட்டு வருவாரு. சோலையப்பன்னு பேரு சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது, பருத்திப்பால்காரர்னாத்தான் தெரியும். அந்த மீசை இருக்கே! சின்னப் பிள்ளைக பாலுக்கு வர்றதைவிட மீசையைப் பாக்க வந்ததுதான் அதிகம். ஒருநாள் காலையில வியாபாரம் முடிஞ்சு காலி அண்டாவோட போனாரு. நிறுத்தி, வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன், ஓசிதான், உங்களுக்கு ஒண்ணு, கடைக்கு ஒண்ணுன்னு கூப்பிட்டேன். 'எனக்கெதுக்கு தாயி? நான் படுக்குறது வண்டி நிறுத்துற செட்டுல, அங்க எங்க ஆணி அடிக்க? ரெண்டையும் நீயே வச்சுக்க'ன்னு சிரிச்சாரு. கையைப் பிடிச்சு இழுக்காத குறையா உக்கார வச்சு, வெள்ளச் சட்டையை மாட்டிவிட்டேன்.

கண்ணை மூடச் சொன்னேனா, மூடுனாரு. ரொம்ப நேரம் மூடிக்கிட்டே இருந்தாரு. நான் சொல்றதுக்கு முன்னாடியே திறந்துட்டாரு. நல்லவேளை, விரல் பட்டன் மேல இருந்துச்சு. யாரை நெனச்சீங்கன்னு கேட்டேன். 'எங்க அக்காவை'ன்னு சொல்லிட்டு, சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. எந்த ஊரு அக்கா, என்ன ஏதுன்னு நான் கேக்கல. நமக்குப் படம் நல்லா வந்துச்சா, அதோட சரி.

உன் மாமா முகத்துலதாம்மா இந்தக் கடை ஓடுச்சு. பொய் சொல்லக் கூடாது. ரோட்டுல போறவங்க நின்னு பாப்பாங்க. 'அந்த மீசைக்காரரு நம்மளையே பாக்குற மாதிரி இருக்குல்ல, அதே மாதிரி எங்க அப்பாவை எடுத்துக் குடும்மா'ன்னு கேட்டு வந்தாங்க. அவருகிட்டச் சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு டம்ளர் பால் கூடுதலா ஊத்துவாரு.

இந்தத் தொழில்ல ஒண்ணு இருக்கு. உயிரோட இருக்கறவங்க படத்துக்குப் பேரம் பேசுவாங்க. செத்தவங்க படத்துக்குப் பேச மாட்டாங்க. யாராச்சும் தவறிட்டா காரியத்துக்குள்ள பெரிய படம் வேணும்னு ஆதார் கார்டைத் தூக்கிக்கிட்டு ஓடிவருவாங்க. மதுரையில படத்துக்குச் சட்டம் போடுறவரு, மாலையும் சின்னச் சிவப்பு லைட்டும் வச்ச சட்டம் ஒண்ணு சாம்பிளுக்குக் குடுத்தாரு. மாட்டி வையிம்மா, ஆர்டர் பிச்சுக்கும்னாரு. ஆனா வெறும் சட்டத்தைத்தான் குடுத்தாரு. உள்ள முகம் வேணும்ல?

யாரு சம்மதிப்பா? தவறுனவங்க வீட்டுல கேட்டா, எங்க அப்பா உன் கடையில தொங்கணுமான்னு சண்டைக்கு வந்துட்டாங்க. என் படத்தையே வச்சேன். என் வீட்டுக்காரர் ஷிப்ட்டு முடிஞ்சு வந்து பாத்துட்டு, 'தாலி கட்டுனவன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், உனக்கு என்னடி கொழுப்பு'ன்னு குதிச்சாரு. சரின்னு அவரு படத்தை வச்சேன். எங்க மாமியா வெளக்குமாத்தோட வந்துட்டாங்க. கடைசியில கேலண்டர்ல இருந்து ஒரு கிளிப் படத்தை வெட்டி வச்சேன். ராசம்மா கடையில வளையல் வாங்க வந்தவளுக எல்லாம், 'ஏண்டி, கிளி எப்பத் தவறுச்சு? பதினாறு என்னைக்கு'ன்னு கேட்டுச் சிரிச்சாளுக. மானம் போச்சு.

அந்தச் சமயம் பாத்து உன் மாமா வண்டி வர்றது நின்னுபோச்சு. முட்டி வலி, வண்டி தள்ள முடியல, திருப்பூர்ப் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டாருன்னு செட்டுக்காரர் சொன்னாரு. எனக்கு அப்பத்தான் அந்தக் கேடுகெட்ட புத்தி வந்துச்சு. இனி எங்க வரப்போறாரு? வெளக்குமாத்தோட வர்றதுக்கு மாமியாளா இருக்கா அவருக்கு? கேக்க நாதியில்லாத மனுஷன். இப்படித்தான் நெனச்சேன்.

'அக்கா இருக்கறது உனக்குத் தெரியும்தானே'ன்னு கேப்ப. தெரியும். மறந்துட்டேன். இல்ல, மறந்துட்டேன்னு வச்சுக்கிட்டேன்.

ஆமாம்மா. அதைத்தான் சொல்றேன். உன் மாமா சாகல. உயிரோட இருக்குற மனுஷன் படத்துக்குத்தான் நான் மாலையைப் போட்டு லைட்டை எரியவிட்டேன்.

உக்காரு. உக்காரு கண்ணு. உன் கால்ல வேணாலும் விழுகுறேன், முழுசாக் கேட்டுட்டுப் போ. அந்தத் தண்ணியக் குடி. படத்துக்கு ஒத்த ரூவா வாங்க மாட்டேன், அதை நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்.

என்ன? அதுக்கில்லையா? சரி. நான் ஒரு கூறுகெட்டவ, அதைப் போய் இப்பச் சொல்றேன்.

மாலை போட்டதும் முதல்ல ஒரு அம்மா வந்து, 'அடியாத்தீ, பருத்திப்பால்காரர் போயிட்டாரா'ன்னு கேட்டாங்க. இல்லம்மா, சும்மா சாம்பிளுக்குன்னு உள்ளதைச் சொன்னேன். 'உசுரோட இருக்கறவனுக்கு மாலை போட்டிருக்கியே, நீ வெளங்குவியா'ன்னு காறித் துப்பாத குறையாத் திட்டிட்டு, குடுக்க வந்த ஆர்டரையும் குடுக்காமப் போயிட்டாங்க. அடுத்து வந்தவங்க கேட்டப்ப நான் வாயைத் தொறக்கல. தலையை மட்டும் ஆட்டுனேன். நான் பொய் சொல்லல, பாத்துக்க. ஒருத்தர்கிட்டயும் செத்துட்டாருன்னு என் வாயால சொல்லல. கேட்டாங்க, தலையை ஆட்டுனேன். நல்ல மனுஷன்னு சொன்னாங்க, ஆமான்னேன். நல்ல மனுஷன்தானே?

ஆர்டர் வந்துச்சு. வரலன்னு சொல்ல மாட்டேன்.

பங்குனியில உங்க அம்மா வந்தாங்க. அன்னைக்குக் கடையில ஒரு குடும்பம், பிள்ளைக்கு முதல் மொட்டை, போட்டோ எடுக்க வந்திருந்தாங்க. உங்க அம்மா சந்தைப் பையோட வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாத்தாங்க. சந்தையில யாரோ சொல்லியிருக்காங்க. நேரா அந்தப் படத்துக்கு முன்னாடி போயி நின்னாங்க. நான்கூட விலை கேக்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன். அப்பறம் மடார்னு உக்காந்து மார்ல அடிச்சாங்க பாரு. 'என் வாயிதாண்டா உன்னைக் கொன்னுச்சு, செத்துட்டான் செத்துட்டான்னு நான்தானடா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், இந்த நாக்கு அழுகிப்போகாதா'ன்னு. மொட்டைப் பிள்ளை பயந்து வீறிடுது.

அந்த நிமிஷம் சொல்லியிருக்கணும். அம்மா அழாதீங்க, உங்க தம்பி நல்லா இருக்காருன்னு. ஒரே ஒரு வார்த்தை. என் வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்தக் குடும்பம் பூராம் என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிது. சொன்னா என்ன ஆகும்? ஊரே காறித் துப்பும். போர்டை இறக்கிட்டு மறுபடி அடுத்தவன் கடையில ஆல்பம் ஒட்டப் போகணும். சோடா வாங்கியாந்து குடுத்தேன். முதுகைத் தடவிக் குடுத்தேன். எங்க வச்சுடி உசுரு போச்சுன்னு கேட்டாங்க. திருப்பூர்னு சொன்னேன். திருப்பூர்லதானே இருந்தாரு, அது பொய்யில்லல்ல? யாருடி கொள்ளி வச்சதுன்னு கேட்டாங்க. அதுக்கு மட்டும் எனக்குத் தலையும் ஆடல.

அப்பறம் இதே படம் எங்க வீட்டுக்கு ஒண்ணு வேணும், ஆடி அமாவாசைக்கு வாங்கிக்கிறேன்னு சொன்னாங்க. வாங்கிக்கிட்டேன் அந்த ஆர்டரையும். வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்கல்ல? போறப்ப படத்தையே பாத்துக்கிட்டு, 'சின்னதுல நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தா வாசல்ல நின்னு இப்படித்தான் பாப்பான்'னாங்க.

நீ இப்பத்தான சொன்ன, உன் வீட்டுக்காரர் திருப்பூருக்கே போயி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சாருன்னு. அனாதைப் பொணம்னு அடக்கம் பண்ணியிருப்பாங்கன்னு முடிவு பண்ணி, தலை முழுகி, ஊருக்கே சோறு போட்டீங்கன்னு. எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. தெரிஞ்சா மட்டும் என்ன கிழிச்சிருப்பேன்? உங்க அம்மா வந்துட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலம் மாலையைக் கழட்டுனேன். காலையில திரும்பப் போட்டேன். கழட்டிட்டா, ஏன் கழட்டுனன்னு ராசம்மா கேப்பா.

நேத்துக் காலையில ஒருத்தர் கடைக்குள்ள வந்து நின்னாரு. மீசை இல்ல, வழிச்சு எடுத்திருக்காரு. எனக்கு அடையாளமே தெரியல. பாஸ்போர்ட் சைஸானு கேக்குறேன். அவரு பதில் சொல்லாம படத்தைப் பாக்குறாரு. மாலையைப் பாக்குறாரு. லைட்டைப் பாக்குறாரு. 'மீசை இங்கயாச்சும் இருக்கே தாயி. அப்பார்ட்மென்ட்ல பிள்ளைக பயப்படுதுன்னு எடுக்கச் சொல்லிட்டாங்க'ன்னாரு.

அந்தக் குரலைக் கேட்டதும் பொத்துனு கால்ல விழுந்துட்டேன். அவரு திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். என்னைத் தூக்கிவிட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. யாராச்சும் வந்தாங்களான்னு. உங்க அக்கா வந்தாங்கன்னேன்.

'எங்க அக்காவா? வந்து?'

'அழுதாங்க. மார்ல அடிச்சுக்கிட்டு அழுதாங்க.'

'எனக்கா?'

அந்த 'எனக்கா'வை எப்படிக் கேட்டாருன்னு எனக்குச் சொல்லத் தெரியல தாயி. இந்தச் சேர்லதான் உக்காந்தாரு, நீ உக்காந்திருக்கற இதே சேர்ல. துண்டை வாயில வச்சுக்கிட்டாரு.

அப்பத்தான் உன் சடங்குக் கதையைச் சொன்னாரு. அந்தப் பிள்ளை நீதானே? தாய்மாமன் சீரு வரும் வரும்னு உன்னைப் பந்தல்ல உக்கார வச்சுக் காத்துக்கிட்டிருந்ததும், மாமன் வராம, உங்க அப்பா எடுத்த சேலையையே கட்டிவிட்டதும். நீ என்ன நெனச்ச, குடிச்சுட்டு எங்கயோ விழுந்து கெடந்தாருன்னா? ஊரு அப்படித்தான் சொல்லுச்சாம். அவரு வந்தாராம்மா. உங்க தெருமுக்கு வரைக்கும் வந்தாராம். நூல் சேலை ஒண்ணு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு மாலை. அந்த நேரம் பாத்து உங்க அப்பா வகையில மேளம் அடிச்சு, தட்டு தட்டாத் தூக்கிக்கிட்டுத் தெருவை அடைச்சுப் போறாங்களாம். 'நான் வெறுங்கையோட போகல தாயி. கையில இருந்ததை வெளிய எடுக்கத்தான் வெக்கமாப் போச்சு'ன்னாரு. அப்படியே திரும்பிட்டாரு. அன்னைக்குத்தான் உங்க அம்மா பந்தல்ல நின்னு, எனக்குத் தம்பி செத்துட்டான்னு சொன்னாங்களாம்.

எனக்கு அது புரிஞ்சுச்சு. பெட்ஷீட்டைக் கட்டிவிட்டு ஸ்டூடியோன்னு சொல்றவளுக்குப் புரியாதா?

அமாவாசைக்கு வீட்டுல மாட்ட இதே படம் கேட்டிருக்காங்க, இருங்கய்யா, இப்பவே உங்க அக்கா வீட்டுக்குப் போயி உள்ளதைச் சொல்லிருவோம்னு சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. 'வேணாம் தாயி. செத்த தம்பிக்கு அவ வீட்டுச் சுவத்துல ஒரு ஆணியாச்சும் இருக்கும். உசுரோட இருக்குற தம்பிக்கு வாசப்படியே கெடையாது. விட்டுரு, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்'னாரு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவரு அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அவரு அழறாரு, எனக்கு அப்பாடான்னு இருக்கு. இதைவிடக் கேவலம் உண்டா? அவரே வேணாங்கறாரு, நாம என்ன செய்யன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அவரே உக்காந்து இந்தக் கண்ணாடியைத் தொடச்சாரு. அவரே கொக்கி அடிச்சாரு. 'எங்க அக்கா வீட்டுச் சுவரு மண்சுவரு தாயி, பெரிய கொக்கியாப் போடு'ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு. நானும் பக்கத்துல நின்னு ஆணி எடுத்துக் குடுத்தேன். அக்கா வீட்டு ஆளுக வந்து எடுத்துட்டுப் போறதைக் கண்ணால பாத்துட்டு திருப்பூருக்கு பஸ் ஏறிருவேன்னாரு.

உங்க அம்மா பேசறதில்லங்கறது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ வந்து சொல்லித்தான் தெரியும். அதான் குடுக்க முடியலன்னேன். நாளைக்கு உசுரோட இருக்கற மனுஷனுக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சு, அந்த அம்மா நாக்கைக் கட்டிப்போட்டுக்கிட்டே சாகணும்னா, அந்தப் பாவத்தை நான் எங்க போயிக் கழுவ?

எங்க இருக்காரா?

அந்த மெரூன் துணிக்குக் கீழ பாரு. காலு தெரியுதா? நீ வந்த சத்தம் கேட்டதும் அதுக்குப் பின்னாடி போயி நின்னவருதான். நான் பேசுனது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறாரு.

பெரியவரே, வாங்க வெளிய. போதும். சொன்னேன், சொன்னேன், சொல்லிட்டேன், கோவிச்சுக்கிடுங்க பரவால்ல. துணியை இழுத்துப் பிடிக்காதீங்க, கயிறு அந்துரும். உங்க அக்கா மக நிக்கிது. பந்தல்ல உக்காந்திருந்த பிள்ளை. இப்ப ரெண்டு பிள்ளைக்குத் தாய். ஏம்மா, நீயாச்சும் கூப்பிடு. மாமான்னு ஒரு வார்த்தை கூப்பிடு.

கூப்பிட்டுட்ட. ம். கூப்பிட்டுட்ட.

இந்தா வந்துட்டாரு. அழாதீங்கய்யா. அதுவும் அழுகுது, நீங்களும் அழுதா நான் யாரைப் பாக்க? அந்தக் கையை விட்டுராத தாயி. முட்டி வலிக்காரரு, உக்கார வையி.

யாருக்குப் போன் போடுற? அம்மாவுக்கா? பேசமாட்டாங்கன்னு சொன்னியே. எடுப்பாங்களா, எடுத்துக் காதுல வச்சுக் கேட்டுக்கிட்டு இருப்பாங்களா. சரி, ஸ்பீக்கர்ல போடு. இல்ல, போடாத. போடு போடு.

பேசுங்கய்யா. எடுத்துட்டாங்க. பேசுங்க. என்ன தொண்டையைச் செருமிக்கிட்டு... என்னைப் பாக்காதீங்க, போனைப் பாத்துப் பேசுங்க.

அக்கான்னு சொல்லிட்டாரு. சத்தமே இல்லையே அங்க? லைன் இருக்கா? இருக்கு, மூச்சு கேக்குது. இன்னொரு வாட்டி சொல்லுங்கய்யா. சீனியக்கா, நான் சோலைன்னு சொல்லுங்க.

ஆத்தாடி! என்னா வசவு வையிறாங்க! எடுபட்ட பயலாம், நாசமாப் போறவனாம், ஊருக்கெல்லாம் சோத்தைப் போட்டேனேடா பாவிங்கறாங்க. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் நிப்பாங்க போல. இத்தனை மாசத்துப் பேச்சையும் சேத்து வச்சிருந்திருக்காங்க. ஐயா, என்னங்கய்யா சிரிக்கிறீங்க? கண்ணுல தண்ணி கொட்டுது, சிரிக்கிறீங்களே!

'வையிதும்மா'ங்கறாரு. 'எங்க அக்கா என்னை வையிது, கேளுங்க'ங்கறாரு. கேக்குதுய்யா. தெரு முழுக்கக் கேக்குது.

என்ன கேக்குறாங்க? யாருடா உனக்கு மாலை போட்டதுன்னா?

வேணாம் தாயி. என்கிட்ட நீட்டாத. நான் நாளைக்கு நேர்ல வந்து கால்ல விழுகுறேன்னு சொல்லு. இப்ப வேணாம். எனக்கு வாய் வரல. உன்கிட்டன்னா சொல்லிட்டேன், அவங்ககிட்ட எப்படி? நீயே சொல்லிரு. நீ கேளு, நான் தலையை ஆட்டுறேன்.

ஆமா. போன்ல தலையாட்டுனாத் தெரியாதுல்ல.

குடு.

அம்மா... போட்டோக்கடை பவளக்கொடி பேசுறேன். அன்னைக்கு உங்களுக்குச் சோடா வாங்கிக் குடுத்தவ. நான்தாம்மா. மாலை போட்டது நான்தான்.